நாய்களின் குருதி நொதி மாற்றங்களில் மரபணு, ஹார்மோன் காரணிகள்: கூட்டேரிப்பட்டு வட்டாரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாயின் குருதிப் பரிசோதனையில் 'கல்லீரல் நொதிகள்' உயர்ந்திருப்பின் அதனைக் கல்லீரல் நோய்க்கான சான்றாகக் கொள்ளும் வழக்கம் வளர்ப்போரிடையே மட்டுமன்றிச் சிகிச்சை நடைமுறையிலும் காணப்படுகிறது. நாயினத்தில், குறிப்பாக அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியைப் பொறுத்தவரை, இக்கருத்து பல வேளைகளில் பிழையாகிறது. அந்நொதியின் உயர்வு கல்லீரலின் சேதத்தைவிட அட்ரினல் சுரப்பியின் மிகைச் செயலையோ, செலுத்தப்பட்ட ஸ்டீராய்டு மருந்தையோ, இனவழி மரபியல்பையோ காட்டுவதாக இருக்கலாம். இவ்வேறுபாடு எவ்வாறு எழுகிறது என்பதையும், பெருநகர ஆய்வகங்களிலிருந்து விலகியுள்ள ஊர்களில் அதனை எவ்வாறு கண்டறியலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நொதி, அல்கலைன் பாஸ்பட்டேஸ், கார்ட்டிசால், குஷிங் நோய், தாமிர நச்சேற்றம், வேட்டை நாயினங்கள்

முன்னுரை

சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, மயிலம் செல்லும் சாலை பிரியும் இடத்தில் அமைந்துள்ள ஊர் கூட்டேரிப்பட்டு. இத்தகைய ஊர்களில் ஆடு மாடுகளுக்கான மருத்துவ அறிவு தலைமுறைகளாகப் புழக்கத்தில் உள்ளது. வீட்டு நாய்க்குக் குருதிப் பரிசோதனை செய்வதோ அண்மைக்கால வழக்கம். காவலுக்கு வளர்க்கப்படும் நாட்டு நாய், பொமரேனியன் என்று அழைக்கப்படும் இந்திய ஸ்பிட்ஸ், லேப்ரடார் எனப் பலவகை நாய்களும் இன்று ஒரே தெருவில் வளர்கின்றன. சோர்வுற்ற நாயொன்றின் குருதி பரிசோதிக்கப்பட்டு, அறிக்கையில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. 'ஈரல் கெட்டுவிட்டது' என்ற முடிவும் அதனுடன் வந்துவிடுகிறது. ஈரல் டானிக் தொடங்கப்படுகிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போரும் உளர். உண்மையான காரணம் அட்ரினல் சுரப்பியில் இருக்குமாயின், இவ்வாறு கழியும் மாதங்கள் அந்த நாய்க்கு மீளக் கிடைப்பதில்லை.

எண் ஒன்று, பொருள் பல

என்சைம் என்பதற்குத் தமிழகப் பாடநூல்கள் 'நொதி' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'நொதியம்' என்றும் வழங்குகின்றன. ஹார்மோன் இலங்கையில் 'ஓமோன்' ஆகிறது. சொற்கள் வேறுபடினும் இரண்டிற்கும் இடையிலான எல்லை தெளிவானது. நொதி வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். ஹார்மோன் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்பிற்குச் செல்லும் செய்தி. 'கல்லீரல் நொதி' என்னும் வழக்கில்தான் குழப்பம் தொடங்குகிறது. அப்பெயர் நொதி வாழும் பல இடங்களுள் ஒன்றை மட்டுமே குறிக்கிறது.

குருதியில் நொதி மிகுவதற்கு இரு வழிகள் உண்டு. உயிரணுவின் சவ்வு சிதைந்து உள்ளிருக்கும் நொதி கசிவது ஒன்று. ஆய்வக அறிக்கைகளில் எஸ்.ஜி.பி.டி. என்றும் ஏ.எல்.டி. என்றும் குறிக்கப்பெறும் அலனின் அமினோ டிரான்ஸ்பெரேஸ் பெரும்பாலும் இவ்வகையினது. உயிரணு சிதையாமலேயே, ஏதோ ஒரு தூண்டுதலால் நொதியை மிகுதியாக உற்பத்தி செய்வது மற்றொன்று. ஏ.எல்.பி. எனச் சுருக்கி வழங்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் இவ்வகையைச் சார்ந்தது. முன்னது சேதத்தின் அடையாளம். பின்னது கட்டளையின் அடையாளம். அறிக்கையின் ஒரே பத்தியில் இவ்விரண்டும் அடுத்தடுத்து அச்சிடப்படுவதால் இரண்டும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றுகின்றன.

ஒரே மரபணு, இருவேறு வாழ்நாள்

நாயின் உடலில் அல்கலைன் பாஸ்பட்டேஸை உருவாக்கும் மரபணுக்கள் இரண்டு. ஒன்று கல்லீரல், எலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றில் செயற்படுவது, மற்றொன்று குடலுக்குரியது. குடலில் உருவாகும் நொதி குருதியை அடைந்தாலும் அதன் அரைவாழ்நாள் ஏறத்தாழ 6 நிமிடங்களே. ஆகவே அறிக்கையில் அதற்கு இடமில்லை.

வியப்பிற்குரிய செய்தி இனித்தான் வருகிறது. கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களின் தூண்டுதல் நீடிக்கும்போது, நாயின் கல்லீரல் உயிரணு குடலுக்குரிய அதே மரபணுவை இயக்கத் தொடங்குகிறது. உருவாகும் புரதத்தின் அமினோ அமிலத் தொடர் குடல் நொதியினுடையதே. ஆயினும் கல்லீரல் அதன்மீது மிகுதியான சர்க்கரைக் கூறுகளைப் பிணைத்து அனுப்புகிறது. குருதியிலிருந்து நொதிகளை அகற்றும் அமைப்பு இந்தப் போர்வையினால் அதனை எளிதில் பற்ற இயலுவதில்லை. விளைவாக 6 நிமிடம் வாழ வேண்டிய நொதி ஏறத்தாழ 70 மணிநேரம் குருதியில் நிலைக்கிறது. 'ஸ்டீராய்டு தூண்டிய அல்கலைன் பாஸ்பட்டேஸ்' எனப்படும் இவ்வடிவம் நாயினத்திற்கே உரியது; பூனையிலோ மனிதரிலோ இல்லை. மனிதருக்கான ஆய்வகத்தில் நாயின் குருதி சோதிக்கப்பட்டு மனித இயல்பளவுகளோடு ஒப்பிடப்படுமாயின் எழும் பிழை, எண்ணளவில் மட்டும் நிற்பதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

இவ்வடிவத்தைப் பிரித்தறிய ஆய்வகத்தில் ஒரு வழி உண்டு. குடற்புழு நீக்க மருந்தாகக் கால்நடை மருத்துவர் அனைவரும் அறிந்த லெவாமிசோல், கல்லீரல், எலும்பு வடிவங்களின் செயலைத் தடுக்கும். ஸ்டீராய்டு வடிவத்தைத் தடுப்பதில்லை. எனவே லெவாமிசோல் சேர்த்த பின்னும் எஞ்சும் செயற்பாடு ஸ்டீராய்டு வடிவத்தினது. ஆயினும் இவ்வடிவம் நீரிழிவிலும் நாட்பட்ட கல்லீரல் நோயிலும்கூட உயரக்கூடும். அது இருப்பதால் குஷிங் நோய் உறுதியாவதில்லை. அது இல்லையெனில் அந்நோயின் வாய்ப்பு குறைகிறது. இச்சோதனையின் பயன் மறுப்பதிலேயே மிகுதி.

உடலில் சுரப்பதும் ஊசியில் வருவதும்

குஷிங் நோயில் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலை மிகையாகச் சுரக்கிறது. நாய்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட நேர்வுகளில் மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பியின் சிறு கட்டியும், ஏனையவற்றில் அட்ரினல் கட்டியும் காரணமாகின்றன. நடுவயதைக் கடந்த நாய்களிலேயே இது மிகுதி. மிகையாக நீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காப் பசி, தொங்கும் வயிறு, இருபுறமும் ஒத்த முடியுதிர்வு, மெலிந்த தோல் ஆகியன அறிகுறிகள். பசி குன்றாததால் வளர்ப்போர் இதனை நோயாகக் கருதுவதில்லை. நன்கு உண்ணும் நாய்க்கு வயிறு பெருத்தால் அது வளம் என்றே கொள்ளப்படுகிறது. இந்நோயுற்ற நாய்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் ஏ.எல்.பி. உயர்ந்திருக்கும், உயரெல்லையைப் போலப் பத்து மடங்கைத் தாண்டுவதும் உண்டு. ஏ.எல்.டி. அந்த அளவிற்கு உயர்வதில்லை. பிலிரூபினும் பொதுவாக இயல்பாகவே இருக்கும். அதாவது காமாலை இராது. இம்மூன்றும் ஒருசேரக் காணப்படுமிடத்துக் கல்லீரலைவிட அட்ரினலையே முதலில் ஐயுற வேண்டும்.

இதே தோற்றத்தை மருந்தும் உண்டாக்கும். தோல் அரிப்பிற்காக மீண்டும் மீண்டும் செலுத்தப்படும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஊசிகள் மட்டுமன்றி, ஸ்டீராய்டு கலந்த காதுச் சொட்டு மருந்துகளும் ஏ.எல்.பி.யை உயர்த்தவல்லவை. முதலில் கல்லீரல் வடிவமும் பின்னர் ஸ்டீராய்டு வடிவமும் உயரும். மருந்தை நிறுத்திய பின்னும் உயர்வு வாரக்கணக்கில் நீடிக்கலாம். வலிப்பிற்குத் தரப்படும் பீனோபார்பிட்டோனும் இவ்வாறு உயர்த்தும். ஆகவே அறிக்கையைப் படிக்கும் முன் 'கடந்த சில மாதங்களில் என்ன ஊசி போடப்பட்டது' என்ற வினா எழ வேண்டும்.

இவ்விடத்து எச்சரிக்கை ஒன்று தேவை. நெடுநாள் ஸ்டீராய்டு பெற்ற நாயின் அட்ரினல் சுரப்பி சுருங்கிச் செயல் மங்கியிருக்கும். உயர்ந்த நொதியைக் கண்டு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடலுக்குத் தேவையான கார்ட்டிசாலும் கிட்டாது நாய் நிலைகுலையும், உயிரிழக்கவும் கூடும். அளவைப் படிப்படியாகக் குறைத்தலே முறை.

பிற ஹார்மோன் காரணிகளுள் தைராய்டு குறைபாடு ஏ.எல்.பி.யையும் தசை நொதியான கிரியேட்டின் கைனேஸையும் சிறிதளவு உயர்த்தலாம். கொழுப்பின் உயர்வே அதில் தெளிவான தடயம். நீரிழிவில் கல்லீரலில் கொழுப்பு படிவதால் இரு நொதிகளும் உயரும். கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களில் இதற்குத் தனிச் சிறப்பு உண்டு. பருவம் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீடிக்கும் புரொஜெஸ்டிரோன் மிகுதியில், பால்மடித் திசு வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது இன்சுலினின் செயலைத் தடுத்து நீரிழிவைத் தோற்றுவிக்கலாம். அதே காலத்தில் கருப்பையில் சீழ் கோத்தலும் நிகழக்கூடும், அதிலும் ஏ.எல்.பி. உயரும். பெட்டை நாய் கடைசியாக எப்போது பருவமுற்றது என்ற செய்தி அறிக்கையிலுள்ள எண்ணுக்கு நிகரான மதிப்புடையது.

மரபின் தடங்கள்

வளரும் குட்டிகளில் எலும்பு வடிவ ஏ.எல்.பி. இயல்பாகவே மிகுந்திருக்கும். சைபீரியன் ஹஸ்கி இனக் குடும்பம் ஒன்றில் குட்டிகளிடம் இவ்வுயர்வு தீங்கின்றி மரபுவழி தொடர்வது பதிவாகியுள்ளது. ஸ்காட்டிஷ் டெரியர் இனத்தில் நலமாகத் தோன்றும் நாய்களிலும் ஏ.எல்.பி. உயர்ந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. அது தீங்கற்ற இனவியல்பு எனக் கருதப்பட்டிருக்க, பிந்தைய ஆய்வுகள் அட்ரினல் சுரப்பியின் பிற ஸ்டீராய்டுகள் அந்நாய்களில் மிகுந்திருப்பதைக் காட்டின. அவ்வினத்தில் கல்லீரல் உயிரணுக்களில் குமிழ் மாற்றம் கண்டவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் கல்லீரல் புற்றுநோயும் இருந்தது. 'இனவியல்பு' என்ற சொல்லும் சில வேளை ஆராய்ச்சியை நிறுத்திவிடும் சொல்லாகிறது.

மரபணுப் பிழை நேரடியாகக் கல்லீரலைத் தாக்குவதற்குப் பெட்லிங்டன் டெரியர் செவ்விய எடுத்துக்காட்டு. காம்டி1 என்னும் மரபணுவின் இரண்டாம் எக்சான் நீங்கியிருப்பதால் பித்தநீர் வழியாகத் தாமிரம் வெளியேறுவதில்லை. இது 2002இல் கண்டறியப்பட்டது. ஒடுங்கு மரபாகக் கடத்தப்படும் இந்நோயில் தாமிரம் கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. தமிழகத்தில் இவ்வினம் அரிது, லேப்ரடார் அரிதன்று. லேப்ரடாரில் ஏடிபி7பி மரபணு மாற்றம் தாமிரத் தேக்கத்தை மிகுவிப்பதும், பால்நிறமியில் அமைந்த ஏடிபி7ஏ மரபணு மாற்றம் அதனைத் தணிப்பதும் 2016இல் வெளியிடப்பட்டன. முன்னது மனிதரில் வில்சன் நோய்க்கும் பின்னது மென்கெஸ் நோய்க்கும் காரணமான மரபணுக்கள். நடுவயது லேப்ரடாரில் ஏ.எல்.டி. மட்டும் மாதக்கணக்கில் உயர்ந்தே இருப்பின், அது அலட்சியத்திற்குரியதன்று. அங்குக் கல்லீரலே உண்மைக் களம். திசுப் பரிசோதனையும் தாமிர அளவீடும் தேவைப்படும்.

ஏ.எல்.டி.யும் தவறாக வழிகாட்டும் இடமுண்டு. கோல்டன் ரெட்ரீவர் இனத்தின் தசைச் சிதைவு நோயில் டிஸ்ட்ரோபின் மரபணுவின் ஆறாம் இன்ட்ரானில் உள்ள பிழையால் ஏழாம் எக்சான் விடுபடுகிறது. பால்நிறமி வழி வருவதால் பெரும்பாலும் ஆண் குட்டிகளே நோயுறுகின்றன. தசை சிதைவதால் கிரியேட்டின் கைனேஸ் பல்லாயிரம் அலகுகளை எட்டும், தசையிலிருந்தே ஏ.எல்.டி.யும் உயரும். கிரியேட்டின் கைனேஸைப் பாராது ஏ.எல்.டி.யை மட்டும் பார்ப்பவர் கல்லீரலுக்கு மருந்து தருவார்.

தமிழக வேட்டை நாயினங்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியன பார்வையால் இரை துரத்தும் வேட்டை நாயினங்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபணு வள அமைப்பகத்தில் பதிவு பெற்றுள்ளன. இதே வகையைச் சார்ந்த கிரேஹவுண்டு, சலூக்கி முதலிய அயல் இனங்களில் தைராக்சின் அளவு பிற நாய்களைவிட இயல்பாகவே குறைவு என்பது நிறுவப்பட்டுள்ளது. பொது இயல்பளவோடு ஒப்பிட்டால் நலமான கிரேஹவுண்டும் தைராய்டு நோயுடையதாகத் தோன்றும். அந்த அளவுகளைச் சிப்பிப்பாறைக்கு அப்படியே பொருத்துவது ஊகம். பொது அளவைப் பொருத்துவதோ அதனினும் பெரிய ஊகம். நலமான நாட்டு நாய்களின் குருதியிலிருந்து தனி இயல்பளவுகள் வகுக்கப்படுவதே முறையாகும். குறைந்த எண்ணிக்கையுள்ள இனங்களில் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்க்கை நிகழ்வதால் ஒடுங்கு மரபு நோய்கள் வெளிப்படும் வாய்ப்பும் மிகும் என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மாதிரியின் பயணம்

மேற்கண்ட காரணிகளைத் தேடுமுன் விலக்கப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று தொற்று. உண்ணிகளால் பரவும் எர்லிச்சியா, பேபிசியா நோய்களும் எலிக்காய்ச்சலும் தமிழகத்தில் பரவலானவை. இவை அனைத்தும் நொதிகளை உயர்த்தும். மற்றொன்று மாதிரியின் பழுது. கூட்டேரிப்பட்டில் எடுக்கப்படும் குருதி திண்டிவனத்திற்கோ விழுப்புரத்திற்கோ, சிறப்புச் சோதனையெனில் புதுச்சேரி குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்திற்கோ, 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல நேரிடலாம். வெயிலில் குலுங்கிச் செல்லும் குழலில் சிவப்பணுக்கள் சிதைந்தால் ஏ.எஸ்.டி.யும் கிரியேட்டின் கைனேஸும் பொய்யாக உயரும். சீரம் பிரிக்கப்படாத குருதியில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். நீரிழிவே மறைந்துபோகக் கூடும். குருதி எடுத்த இடத்திலேயே உறையவிட்டுச் சீரத்தைப் பிரித்துக் குளிர்நிலையில் அனுப்புவது இப்பிழைகளைப் பெரிதும் தவிர்க்கும்.

குஷிங் நோயை உறுதிசெய்யும் குறையளவு டெக்சாமெத்தசோன் சோதனையில் கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம் மருந்து செலுத்தி, தொடக்கத்திலும் 4, 8 மணிநேரங்களிலும் குருதி எடுக்க வேண்டும். நாயும் உடன் வந்தவரும் ஒரு பகல் முழுவதும் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும். கூலிவேலை இழந்து தொலைவிலிருந்து வருவோர்க்கு இது எளிதன்று. இவ்விடத்து முதற்கட்டமாகச் சிறுநீரில் கார்ட்டிசால் – கிரியேட்டினின் விகிதத்தைக் கணிக்கும் சோதனை கைகொடுக்கும். விகிதம் இயல்பாயின் குஷிங் நோயைப் பெரிதும் விலக்கிவிடலாம். உயர்ந்திருந்தால் மட்டுமே அடுத்த சோதனைக்கு நகரம் செல்லத் தேவை. மருத்துவமனைப் பதற்றமே கார்ட்டிசாலை உயர்த்திவிடும் என்பதால் இதற்கான சிறுநீரை மருத்துவமனையில் எடுத்தல் தகாது. நாய் தன் வீட்டில் உறங்கி எழுந்த காலையில், பழகியவர் ஒருவர் தூய கிண்ணத்தில் ஏந்திய சிறுநீரே இச்சோதனைக்கு ஏற்றது.