மலைவழிக்கு ஏற்ற குப்பி

பாறசாலைக்கு வடகிழக்கே, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் வெள்ளறடை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள தெற்கன் குருசுமலைக்குத் தவக்காலத்திலும், அருகிலுள்ள காளிமலைக்குச் சித்திரா பௌர்ணமியிலும் இரு மாநில மக்களும் ஏறிச் செல்வர். இரண்டும் கோடைக்காலத்தில் அமைபவை. கோடையில் மலையேறுவோர்க்கு நீரே முதல் துணை. அந்நீரைச் சுமக்கும் குப்பியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

எவ்வளவு நீர் வேண்டும்?

மலையேறும்போது உடல் வெப்பமடைகிறது. வியர்வை ஆவியாகி அவ்வெப்பத்தைத் தணிக்கிறது. வியர்வையாக வெளியேறிய நீரை ஈடுசெய்யாவிட்டால் தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி ஆகியன தோன்றும். மலைச்சரிவில் மயங்கி விழுவது உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, தாகம் மிகும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக அருந்துதல் வேண்டும்.

ஒரு மணிநேர நடைக்கு அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு. கடும் வெயிலில் இதனினும் மிகுதியாகத் தேவைப்படும். நான்கு மணிநேர நடைக்கு இரண்டு லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே, நீர் மட்டுமே இரண்டு கிலோகிராம் ஆகிவிடும். இச்சுமையை ஒரே பெரிய குப்பியில் கொள்வதைவிட, ஒரு லிட்டர் கொள்ளும் இரண்டு குப்பிகளில் பகிர்ந்துகொள்வது நன்று. பையின் இருபுறமும் சுமை சமமாகும்; ஒன்று கசிந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

எப்பொருளால் ஆனது?

நம் பகுதியின் இல்லங்களில் சீரகமோ பதிமுகமோ இட்டுக் காய்ச்சிய நீரை அருந்துவது வழக்கம். அந்நீரைச் சூட்டோடு ஊற்றினால், கடைகளில் நீர் விற்கப்படும் மெல்லிய நெகிழிக் குப்பி இளகிச் சுருங்கிவிடும். அது ஒருமுறைப் பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்டது. எவர்சில்வர் குப்பியோ சூட்டைத் தாங்கும். கீழே விழுந்தால் நசுங்குமேயன்றி உடையாது. அதிலுள்ள குரோமியம் துருப்பிடிக்காமல் காக்கிறது. செம்புக் குப்பியில் மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பானங்களை ஊற்றலாகாது. புளிப்பு செம்பைக் கரைக்கும். கண்ணாடிக் குப்பி தூயதே. ஆயினும் பாறைவழிக்கு ஏற்றதன்று.

இரட்டைச் சுவருடைய பிளாஸ்க்கில், சுவர்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. குளிர்ந்த நீர் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். ஆனால் எடை மிகுதி. ஒற்றைச் சுவர்க் குப்பியை ஈரத்துணியால் சுற்றினால், துணியின் நீர் ஆவியாகும்போது குப்பியும் குளிரும். மண்பானை நீர் குளிர்வதும் இம்முறையிலேயே. ஆகவே, நெடுவழி நடப்போர்க்கு ஒற்றைச் சுவர்க் குப்பியே போதுமானது.

வாயும் மூடியும்

குப்பியின் வாய் கையோ தூரிகையோ நுழையும் அளவு அகன்றிருத்தல் வேண்டும். குறுகிய வாயுடைய குப்பியின் அடியில் வழவழப்பு படியும். அதில் கிருமிகள் பெருகும். மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவ இயலுமா என்றும் காணுங்கள். வாங்கியதும் நீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு துளியேனும் கசிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வண்ணமும் படமும் அதன்பின் பார்க்கத்தக்கவை.

மலை தருவதும் நாம் தருவதும்

1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு வனத்துறையின் இசைவு பெற்றே செல்ல இயலும். அம்மலைத்தொடரில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை வழியாக ஓடிப் பூவாறு அருகே அரபிக்கடலில் கலக்கிறது. மலையில் எறியப்பட்ட குப்பியை மழைநீர் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் கொண்டுசேர்க்கும். மலையில் நாம் விட்டுவந்தது நம் ஊருக்கே திரும்பி வருகிறது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தடை நடைமுறைக்கு வந்தது. ஆயினும், வீட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்துச் செல்லும் பழக்கத்தைச் சட்டம் தர இயலாது. அதை நாமே ஏற்க வேண்டும்.

நம் எல்லைப்புறத்தில் ‘குப்பி’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. ‘வெள்ளம்’ என்று மலையாளத்தில் கேட்டால் குடிநீர் தருவர். தமிழில் அச்சொல் நீர்ப்பெருக்கைக் குறிக்கும். சொற்பொருள் மாறினும் இருபுறத்தாரின் தாகமும் ஒன்றே.

சொற்பொருள்

இசைவு – அனுமதி
நெகிழி – பிளாஸ்டிக்
ஈடுசெய்தல் – குறைந்ததை நிரப்புதல்

பயிற்சி

1. ஒரே பெரிய குப்பியைவிட இரண்டு குப்பிகள் நல்லவை எனக் கூறப்படுவது ஏன்?
2. ஆறு மணிநேர நடைக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? அதன் எடை எவ்வளவு?
3. பிரித்து எழுதுக: மலைச்சரிவு, குடிநீர், ஈரத்துணி.
4. உம் வீட்டிலுள்ள குப்பி மலைவழிக்கு ஏற்றதா? ஆராய்ந்து ஐந்து தொடர்களில் எழுதுக.