அமைச்சர்களின் கடுஞ்சொல்லுக்கு யார் பொறுப்பு? சட்டம் கூறுவது என்ன?

புதுதில்லி: எதிர்க்கட்சியினரையும் விமர்சகர்களையும் தலைவர்கள் தரக்குறைவாகப் பேசுவதும், கண்டனம் எழுந்தவுடன் ‘அது அவரது தனிப்பட்ட கருத்து’ என்று கூறிக் கட்சி ஒதுங்கிக்கொள்வதும் இந்திய அரசியலில் வழக்கமாகிவிட்டன. அத்தகைய பேச்சுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டுமா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன பரிகாரம் உள்ளது என்ற கேள்விகளுக்குச் சட்டம் அளிக்கும் விடைகளைக் காண்போம்.

புலந்த்ஷெஹர் வழக்கு

உத்தர பிரதேச மாநிலம், புலந்த்ஷெஹர் அருகே 2016 ஜூலையில் காரில் சென்ற குடும்பத்தை வழிமறித்த கும்பல், தாயையும் அவரது மகளையும் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியது. இதன் பின்னணியில் அரசியல் சதி இருக்கலாம் என்ற பொருளில் அப்போதைய மாநில அமைச்சர் ஆஸம் கான் கருத்து தெரிவித்தார். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட நிலையில், அவர் நிபந்தனையற்ற மன்னிப்பு கோரினார். அதை நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஏற்றது. எனினும், வழக்கில் எழுந்த சட்டக் கேள்விகள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

2023 தீர்ப்பு

அந்த அமர்வு 2023 ஜனவரி 3-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் உள்ளிட்ட எட்டு காரணங்களுக்காக மட்டுமே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அனுமதிக்கிறது. அமைச்சர்களுக்கென இவற்றுக்கு அப்பால் கூடுதல் கட்டுப்பாடு விதிக்க இயலாது என்பதில் ஐந்து நீதிபதிகளும் உடன்பட்டனர்.

அமைச்சரின் பேச்சை அரசின் பேச்சாகக் கருத முடியாது என நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வெறும் பேச்சு மட்டுமே இழப்பீட்டுக்கு உரிய தவறாகாது. ஆனால், அதன் விளைவாக அதிகாரிகள் செய்த அல்லது செய்யத் தவறிய செயலால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் பரிகாரம் கோரலாம் என்றும் அவர்கள் கூறினர்.

நீதிபதி பி.வி.நாகரத்னா இதில் மாறுபட்டார். அமைச்சர் பதவியின் பெயரால், அரசின் நிலைப்பாட்டை ஒட்டி இழிவான கருத்தைத் தெரிவித்தால் அதற்கு அரசையும் பொறுப்பாக்கலாம் என்பது அவரது கருத்து.

அவையிலும் களத்திலும்

நாடாளுமன்றத்தில் பேசும் பேச்சுக்காக உறுப்பினர் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது என 105-ஆவது பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. மக்களவையில் 2023 செப்டம்பரில் பாஜக உறுப்பினர் ரமேஷ் பிதூரி, சக உறுப்பினர் டேனிஷ் அலியை மத அடிப்படையில் இழிவுபடுத்திப் பேசியபோது, அச்சொற்கள் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன. அவைத் தலைவர் அவரை எச்சரித்தார். அவைக்குள் நிகழும் பேச்சுக்கு அவையே நீதிபதி.

தேர்தல் காலத்தில் நடத்தை விதிகள் பொருந்தும். விமர்சனம் கொள்கை, செயல்திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்க வேண்டும். தனிவாழ்க்கையைத் தொடக் கூடாது என்பது விதி. இதன்படி 2019 ஏப்ரலில் யோகி ஆதித்யநாத், ஆஸம் கான் ஆகியோருக்கு 72 மணி நேரமும், மாயாவதி, மேனகா காந்தி ஆகியோருக்கு 48 மணி நேரமும் பிரசாரத் தடை விதிக்கப்பட்டது. 2024 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸின் ரண்தீப் சுர்ஜேவாலா, பாஜகவின் அபிஜித் கங்கோபாத்யாய் ஆகியோரும் தடைக்கு உள்ளாயினர். தேர்தல் முடிந்ததும் இவ்விதிகள் செயல்பாட்டில் இருப்பதில்லை.

சமமற்ற களம்

எஞ்சியிருப்பது அவதூறு வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்படி இதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால், இங்கு அமைச்சரும் குடிமகனும் ஒரே நிலையில் இல்லை. அமைச்சரின் அலுவல் பணி தொடர்பான அவதூறு எனில், அரசின் முன் அனுமதியுடன் அரசு வழக்குரைஞரே அமர்வு நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய முடியும். குடிமகனோ தனது செலவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

அவதூறு வழக்கு எதிர்க்கட்சித் தலைவரின் பதவியையும் பறிக்கக்கூடும். 2019 தேர்தல் பிரசாரப் பேச்சுக்காக ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23-ஆம் தேதி இரண்டு ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுநாளே அவரது எம்.பி. பதவி பறிபோனது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், அத்தகைய பேச்சு நல்ல ரசனைக்குரியதல்ல என்றும், பொதுவாழ்வில் இருப்பவர்கள் எச்சரிக்கையுடன் பேச வேண்டும் என்றும் குறிப்பிட்டது.

கட்சிகளின் கையில்

அரசின் மீதான கடும் விமர்சனம் மட்டுமே தேசத் துரோகமாகாது என 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கவிதை ஒன்றைப் பகிர்ந்ததற்காகக் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்தபோதும் கருத்துரிமையை அது வலியுறுத்தியது.

விமர்சகருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அவரைத் தூற்றும் தலைவரைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம், அரசியல் கட்சிகள் தம் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகளை வகுக்க வேண்டும் என்று நாகரத்னா தமது தீர்ப்பில் பரிந்துரைத்தார். பிரதமரைப் பற்றிய கருத்துக்காக மணிசங்கர் ஐயரைக் காங்கிரஸ் 2017 டிசம்பரில் இடைநீக்கம் செய்தது போன்ற நடவடிக்கைகளைக் கட்சிகள் அரிதாகவே எடுக்கின்றன.