ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன்

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு வாரத்தில் சில நாள்தான் வேலை. அதன்பின் "கணக்கை முடிச்சுக்கோங்க" என்பார்கள். பனியன் கம்பெனியில் இருந்த டெய்லர் பீஸ் ரேட் குறைவான 'பவர் டேபிள்' எனும் கூலித் தையல் யூனிட்டுக்குப் போவார். ஆர்டர் திரும்பியதும் அதே கம்பெனி வாசலில் 'ஆட்கள் தேவை' பலகை தொங்கும்.

இப்படிப் போவதிலும் வருவதிலும் தொழிலாளி எதை இழக்கிறார் என்பது, வெளியேறும்போது எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்பதைப் பொறுத்தது.

வேலை இல்லை என்று நிறுவனமே அனுப்பினால் அது ஆட்குறைப்பு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இது நீடிக்கிறது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் அதில் இருக்கிறது: ஓராண்டுக்குள் அந்த நிறுவனம் மீண்டும் ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கே முன்னுரிமை தர வேண்டும்.

'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் இந்த இழப்பீடும் முன்னுரிமையும் கைவிட்டுப் போகும். அதனால்தான் அந்தக் கடிதத்தை அவசரமாகக் கேட்கிறார்கள். வாரச் சம்பளத்தை நம்பியிருப்பவரிடம், பாக்கியைக் காட்டி அப்படி எழுதி வாங்குவது அநியாயம். வேலையை விட்டு எப்படி நின்றாலும், உழைத்த சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. அதற்குக் கடிதம் விலையல்ல.

"இப்ப வேலை இல்ல, கூப்பிடும்போது வாங்க" என்றால் அது தற்காலிக வேலை நிறுத்திவைப்பு. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓராண்டு முடித்து மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கிடைக்கும். ஆனால் நிர்வாகம் சொன்ன நேரத்துக்குத் தினமும் ஒருமுறை போய் நிற்க வேண்டும். வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தப் பாதியும் போகும்.

அடுத்த கம்பெனியில் சேரும்போது பிஎஃப் கணக்குக்கான பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். பிஎஃப் பென்ஷனுக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. மூன்று கம்பெனிகளில் நான்கு நான்கு ஆண்டு வேலை பார்த்தவர் கணக்கை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு. ஒவ்வொரு முறையும் பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தால் ஒன்றுமே இல்லை. கையில் காசில்லாதபோது எடுக்கத் தோன்றுவது இயல்புதான். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிஎஃப் தொகையில் எடுங்கள், பென்ஷனைத் தொடாதீர்கள்.

மிரட்டலுக்குப் பயந்து ராஜினாமா கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று உடனே நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தொழிலாளர் உதவி ஆணையரின் சமரச அலுவலகத்தில் மனு கொடுங்கள். இரண்டு ஆண்டு கெடு உண்டு. சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் பாஸ்புக், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாமே சாட்சியாகும். போனை மாற்றுமுன் அந்தச் செய்திகளைப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.