காற்றுத் துளை சிறியது, ஆபத்து பெரியது!

கள்ளக்குறிச்சி,–

தீப்பெட்டி வேண்டாம். சாம்பல் தட்ட வேண்டாம். மாம்பழ வாசனை, புதினா வாசனை! பேனா போலச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். "வெறும் ஆவிதானே அண்ணே, என்ன பண்ணிடும்?" என்கிறார்கள் இளவட்டங்கள். 'இ-சிகரெட்' எனப்படும் மின்சார சிகரெட்டின் கதை இது.

உள்ளே ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், பஞ்சுத் திரி. கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடினும் கலந்த திரவத்தைத் திரி உறிஞ்சும். கம்பி 200 டிகிரி, அதற்கு மேலும் சூடேறும். திரவம் ஆவியாகும்.

பீடிக்கு நேர்மாறு

பீடியை வேகமாக இழுத்தால் நுனி கனியும். கொல்லன் துருத்தியும் அப்படித்தான். காற்று கூடினால் கனல் கூடும். இங்கே காற்று கம்பியைக் குளிர வைக்கிறது! துளையைத் திறந்தால் ஆவி நிறைய வரும், இதமாக இருக்கும். துளையைக் குறுக்கினால் சூடாக வந்து தொண்டையைப் பிடிக்கும். 'வாட்' அளவை ஏற்றினால் ஒரே இழுப்பில் ஆவியும் அதிகம், நிகோடினும் அதிகம்.

வாட்டை ஏற்றி, காற்றை அடைத்தால்? திரி நனைவதற்குள் காய்ந்துவிடும். அடிப்பிடித்த வாடை வரும். திரவம் சிதைந்து அக்ரோலின், பார்மால்டிஹைடு என்ற நச்சுகள் பிறக்கும். பிணம் கெடாமல் இருக்கப் போடும் பார்மலின், பார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர்தான்!

கருணாபுரம் பாடம்

அந்த நச்சுக்கும் கள்ளக்குறிச்சியின் கண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உடம்புக்குள் மெத்தனால் முதலில் பார்மால்டிஹைடாகி, பிறகு பார்மிக் அமிலமாகிறது. கண்ணைப் பறிப்பது அந்த அமிலம்தான்.

இரண்டு விஷமும் ஒரே அளவல்ல. ஆனால் பாடம் ஒன்றே: உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2019-ல் ஆவி இழுத்து நுரையீரல் கெட்டவர்களில், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வந்த கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின்-இ அசிடேட்தான் முக்கியக் காரணம்.

கல்வராயன் மலையில் போலீசார் ஏறி ஊறலை அழிப்பது பழைய கதை. மின்சார சிகரெட்டும் கள்ளச் சரக்குதான். தமிழக அரசு 2018-ல் தடை போட்டது. நாடு முழுவதும் 2019-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விற்றால் முதல் முறை 1 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்!

துளையைத் திருகலாம், வாட்டைக் குறைக்கலாம். குப்பிக்குள் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்பதை எந்தத் திருகு சொல்லும்?