பெட்டரி மாற்றியும் போன் மந்தமா?

மயிலிட்டித் துறைமுகத்தில் காலையில் மீன் விலை கூறும்போது அரை நிமிடம் தாமதித்தால் கூடை கைமாறிவிடும். கொழும்பு வியாபாரிக்குப் படம் அனுப்பி, அவர் சொல்லும் விலையை வைத்தே நான் கேட்பது வழக்கம். எனது ஐபோன் 6எஸ், 30 வீத சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். அணையாத நேரத்தில் நகராது. ஒரு கடையில் பெட்டரி மாற்றினேன். அணைவது நின்றது, மந்தம் போகவில்லை. "நானா, போன் பழசாப் போச்சு, புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார் கடைக்காரர்.

முதலில் கை வைப்பதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம். லித்தியம் பெட்டரி பழசாக அதன் உள்தடை கூடும். போனுக்கு வேலை கூடும்போது மின்னழுத்தம் சட்டென விழுந்து போன் அணையும். இதைத் தடுக்க அப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் விட்ட 10.2.1 மென்பொருளின் மூலம், பெட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தைக் குறைத்தது. பாவனையாளருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டு, பெட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆக்கியது. பிரான்ஸில் 2020இல் 25 மில்லியன் யூரோ தண்டமும் கட்டியது. குறையை மறைப்பது பற்றி மார்க்கம் சொல்வதை வியாபாரிகளுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே நல்ல பெட்டரி போட்டால் வேகம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் 'செட்டிங்ஸ்' சென்று 'பெட்டரி ஹெல்த்' பாருங்கள். 2018 மார்ச்சில் வந்த 11.3 பதிப்பிலிருந்து இது உண்டு. புதுப் பெட்டரிக்கே 'சேர்விஸ்' என்று காட்டினால் போட்ட பெட்டரியில் சந்தேகம் கொள்ளலாம். ரசீதுடன் கடைக்குத் திரும்புங்கள். (ரசீது வாங்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?)

எனக்கு அது சரியாகவே காட்டியது. அடுத்து 'ஸ்டோரேஜ்' பார்த்தேன். 32 ஜிபியில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. எல்லாம் மூன்று வருட மீன் படங்களும் வட்ஸ்அப் வீடியோக்களும். இடம் நிரம்பினால் தற்காலிகக் கோப்புகளை எழுதப் போன் திணறும். கடன் கணக்குப் படங்களைக் கணினியில் பிரதியெடுத்துவிட்டு மற்றதை அழித்தேன். அழித்த படங்கள் 'ரீசன்ட்லி டிலீட்டட்' பகுதியில் 30 நாள் கிடந்து இடம்பிடிக்கும், அங்கும் அழிக்க வேண்டும். 8 ஜிபி காலியானது. அணைத்துப் போட்டேன். இப்போது படம் உடனே போகிறது.

ஆனால் 2022இல் வந்த ஐஓஎஸ் 16, 6எஸ் போனுக்குக் கிடையாது. அதனால் வங்கிச் செயலியை மட்டும் வேறு போனுக்கு மாற்றிவிட்டேன். மீன் விலை கேட்க இது போதும்.