யூரியாவும் அல்ல, ஜவ்வரிசியும் அல்ல: கரை ஒதுங்கிய வெள்ளை மணிகள்

2025ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாட்கள். தென்மேற்குப் பருவக்காற்று பிடித்து, கடல் கலங்கிக் கிடந்த நேரம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோர ஊர்களில், அலை வந்து குப்பையை ஒதுக்கிவிட்டுத் திரும்பும் வரியில், வெள்ளை வெள்ளையாகச் சிறு மணிகள் சிதறிக் கிடந்தன. கையில் அள்ளிப் பார்த்தால் யூரியா போலத் தோன்றும். சமையல்கட்டுப் பழக்கம் உள்ளவர்களின் கண்ணுக்கு அது ஜவ்வரிசி. மீன் சினை காய்ந்து கிடக்கிறதோ என்ற ஐயமும் வரும்.

கப்பலில் வந்த உர மூட்டை உடைந்திருக்கும், அள்ளிக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் போடலாமே என்று நினைப்பதில் வியப்பில்லை. உரத்துக்காகச் சங்க வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மணியில் தழைச்சத்து துளியும் கிடையாது. அது பிளாஸ்டிக். நர்டில் என்று அழைக்கப்படும் மூலப்பொருள். ஆலைகளில் இதை உருக்கித்தான் வாளி, குடம், பை, குழாய் எல்லாம் வார்க்கிறார்கள். நம் தோட்டத்துச் சொட்டுநீர்ப் பக்கக் குழாயும், நிலப்போர்வைத் தாளும், நாற்றுப் பையும்கூட ஒரு காலத்தில் இப்படி மணியாக இருந்தவைதான். ஒரு மணியின் அளவு 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

இது வந்த வழி தெளிவானது. லைபீரியக் கொடியுடன் ஓடிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், நம் மாவட்ட எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் உள்ள விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. மே 24 அன்று நடுக்கடலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலில் 640 பெட்டகங்கள் இருந்தன. உடைந்த பெட்டகங்களிலிருந்து பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடலோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும். அதனால் கேரளக் கடலில் விழுந்தது குமரிக் கரைக்கு வந்தது. குமரி முனையைச் சுற்றிக்கொண்டு ஜூன் மாதம் தனுஷ்கோடியிலும் இலங்கையின் மன்னாரிலும்கூட ஒதுங்கியது. கேரள அரசு இதை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது.

இலங்கைக்கு இது புதிதல்ல. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் மாதம் மூழ்கியபோது சுமார் 1,680 டன் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரை முழுவதும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்த இடங்களும் உண்டு. அங்கு கரையோர மக்கள் சல்லடையும் கையுமாக மாதக்கணக்கில் மணலைச் சலித்தார்கள்.

சரி, கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வகம் தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பத்து மணிகளைப் போட்டுக் கலக்குங்கள். யூரியா என்றால் சில நிமிடங்களில் கரைந்துவிடும்; சற்று அதிகமாகப் போட்டால் டம்ளர் சில்லென்று குளிரும். யூரியா கரையும்போது நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே காரணம். ஜவ்வரிசி அடியில் தங்கும். ஊறிய பிறகு நசுக்கினால் மாவாகும். அது மரச்சீனிக் கிழங்கின் மாவுதானே. மீன் சினை விரலில் நசுங்கிக் கவிச்சி அடிக்கும். பிளாஸ்டிக் மணி இவை எதையும் செய்யாது. எவ்வளவு கலக்கினாலும் மேலே வந்து மிதக்கும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் இரண்டுமே தண்ணீரைவிட எடை குறைந்தவை. இன்னும் சந்தேகம் இருந்தால், சூடாக்கிய ஊசியால் ஒரே ஒரு மணியைத் தொட்டுப் பாருங்கள். இளகி நூலாக இழுபடும், மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும். மொத்தமாகக் குவித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

ஒரு மூலையில் யோசித்தால், யூரியாவைப் பற்றிய ஒரு அடிப்படை விஷயமே இங்கு விடை சொல்லிவிடுகிறது. நீரில் இவ்வளவு எளிதில் கரையும் பொருள் கடலில் பல நாள் மிதந்து, மணி மணியாகக் கரை சேர வழியே இல்லை. கடல் கொண்டுவந்து போட்ட வெள்ளை மணி எதுவானாலும் அது யூரியாவாக இருக்காது.

விவசாயிக்கு இதில் என்ன கவலை என்றால், மணி கடற்கரையோடு நிற்பதில்லை. கரையோரத் தென்னந்தோப்புகளில் மீன் கழிவையும் கடற்பாசியையும் மூட்டில் புதைப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கரையில் வாரிய பாசிக் குப்பையில் மணி சிக்கியிருந்தால் அது நேராகத் தோப்புக்கு வந்துவிடும். மணலில் காயப்போட்ட கழிவு மீன் கோழித் தீவனத்துக்குப் போகிறது. தேங்காய்ப்பட்டணம், மணக்குடி போன்ற பொழிமுகங்களில் ஏற்றத்தின்போது கடல்நீர் உள்ளே புகும். இறால் குட்டைக்கு நீர் இறைக்கும் குழாயிலும் வரலாம்.

வந்த மணி போகாது. ஒரு மணி சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 12 லட்சம் மணிகள். சாணமும் இலைதழையும் மட்குவதுபோல இது மட்காது. வெயிலில் வெடித்து, பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகும், அவ்வளவுதான். அதன் பிறகு அதை எந்தச் சல்லடையாலும் பிரிக்க முடியாது. மணியாக இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு.

அளவுக்கு மீறிப் பயப்படவும் வேண்டாம். 4 மில்லிமீட்டர் மணி தென்னை வேருக்குள் நுழையாது. இளநீரில் மணி வருமா என்ற கேள்விக்கு இடமில்லை. தொல்லை கோழிக்கும் வாத்துக்கும்தான். மண்ணில் கிளறும்போது தானியம் என்று கொத்தி விழுங்கும். இரைப்பையில் செரிக்காமல் தங்கும். இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் மணி, கடல்நீரில் கலந்திருக்கும் டி.டி.டி. போன்ற பழைய பூச்சிமருந்து எச்சங்களைத் தன்மேல் ஈர்த்துச் சேர்த்துவைக்கும். டோக்கியோ வேளாண்மை மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இதை வைத்தே, உலகெங்கும் உள்ள கடற்கரைகளிலிருந்து மக்கள் பொறுக்கி அனுப்பும் மணிகளைச் சோதித்து, எந்தக் கடலில் எவ்வளவு நஞ்சு என்று கணக்கெடுக்கிறார்கள். 2005 முதல் அந்த வேலை நடக்கிறது. வயலில் தெளித்தது கடலுக்குப் போய், மணியில் ஏறித் திரும்பவும் கரைக்கு வருகிறது.

அதே கப்பலில் வேறொரு சரக்கும் இருந்தது. 12 பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு. வாழைத்தார் வியாபாரம் தெரிந்தவர்களுக்குக் 'கார்பைடு கல்' என்றால் போதும். பழம் பழுக்கவைக்கத் தடை செய்யப்பட்ட அதே பொருள். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும், சிறு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும். எனவே மணி என்றால் கையுறை போட்டு வாரலாம்; ஆனால் பீப்பாயோ, மூடிய பெட்டகமோ, சாம்பல் நிறக் கல்லோ கரையில் தெரிந்தால் தொடாமல் விலகி நின்று, கடலோரக் காவல் படைக்கோ வருவாய்த் துறைக்கோ சொல்ல வேண்டும். பக்கத்தில் பீடி பற்றவைப்பதும் கூடாது.

தோப்புக்குள் வந்துவிட்ட மணியை எடுப்பதற்கும் அந்த டம்ளர் தண்ணீர் தத்துவமே உதவும். பாசியும் மணலும் கலந்த எருவை வாளியில் பாதி போட்டு, நீர் நிறைத்து, கம்பால் நன்றாகக் கிளறி ஐந்து நிமிடம் விடுங்கள். மணல் அடங்கும், மணி மேலே வரும். தேநீர் வடிகட்டியாலோ கொசுவலைத் துணியாலோ அரித்து எடுக்கலாம். அரித்த நீரை வாய்க்காலில் ஊற்றாமல் துணியில் வடித்துவிட்டு மூட்டிலேயே விடலாம். பாசியில் உள்ள உப்புக்கும் இப்படி ஒருமுறை அலசுவது நல்லதே. ஏற்கெனவே மூட்டில் போட்டு மூடிவிட்டவர்கள் வட்டப்பாத்தியின் மேல் மண்ணை ஒரு சாண் ஆழம் மட்டும் இதேபோல் அலசினால் பெரும்பகுதி வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுவது நல்லது. பாத்தியில் நீர் தேங்கினால் மணிகள் மிதந்து, அடுத்தவர் தோப்புக்குப் போய்ச் சேரும். சேர்ந்த மணிகளைக் கிழியாத சாக்கில் கட்டி, எருக்குழியில் போடாமல், உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் தனியாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.