தூங்கி எழுந்த மடிக்கணினியும் தொலைந்துபோன வைஃபையும்

மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து திறக்கிறோம். பாதியில் விட்ட கடிதம் அப்படியே இருக்கிறது. வைஃபை மட்டும் வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாததால் நாளைக்கும் இதே கதைதான்.

வழக்கமான ஸ்லீப் நிலையில் செயலி நின்றுவிடும். கடிதத்தைக் காப்பாற்ற ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வைஃபை கார்டும் அணைந்துவிடும், அல்லது மிகக் குறைந்த மின்சாரத்தில் கிடக்கும். இதற்கான ஏசிபிஐ என்ற பொது விதிகளை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996இல் வெளியிட்டன.

விழித்ததும் மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். முதலில், டிரைவர் என்னும் மென்பொருள் கார்டை எழுப்ப வேண்டும். அடுத்து, கார்டு ரவுட்டரைக் கண்டுபிடித்து, பாஸ்வேர்டைச் சரிபார்த்து இணைய வேண்டும். கடைசியில், ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி வாங்க வேண்டும். எந்தப் படியில் தடங்கல் என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும்.

வைஃபை பொத்தானே காணோம் என்றால் கார்டு விழிக்கவில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் வரிசையில் வைஃபை கார்டை டிஸேபிள் செய்து, மறுபடி எனேபிள் செய்யுங்கள். அடிக்கடி இப்படியானால், அதன் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்கக் கார்டை அணைக்கலாம் என்ற அனுமதியின் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்தப் பகுதி இருக்காது. அப்போது தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து புதிய டிரைவரை நிறுவிப் பார்க்கலாம்.

ரவுட்டர்களின் பெயர்கள் தெரிந்தும் இணையவில்லையா? கைபேசி அதே வைஃபையில் இணைகிறதா பாருங்கள். அதுவும் இணையாவிட்டால் ரவுட்டரைக் கவனிக்க வேண்டும். கைபேசி இணைந்தால், மடிக்கணினியில் அந்த வைஃபையின் பெயருக்கு ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக இடுங்கள்.

இணைந்தும் இணையம் வரவில்லை என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தரவில்லை. கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால் மறுபடி கேட்டு வாங்கும்.

எதுவுமே பலிக்காதபோது ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் அதற்கு ஈடாகாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸ் கணினி தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பழுது பார்ப்பவரிடம் போக நேர்ந்தாலும், எந்தப் படியில் நின்றது என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் கார்டை மாற்றும் செலவு மிச்சமாகலாம்.